ஏற்றும்போதும் இறக்கும்போதும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தம்பி, பழைய கதை பேசறதுக்கு நிறையப் பேர் இருக்காங்க. நீ பசங்களுக்குப் பிரயோஜனமா ஒரு விஷயம் பேசு" என்று சொன்னார். அதனால் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றிப் பேசும் பொறுப்பை மற்ற நண்பர்களிடம் விட்டுவிட்டு, நான் கடற்பாசியையும் கடற்புல்லையும் பற்றிப் பேசப் போகிறேன்.

"நீ என்ஜினீயராச்சே, உனக்கும் பாசிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். அதுவும் நான் வளவனூர்க்காரன். எங்கள் ஊரில் ஏரி உண்டு, நெல் உண்டு, கரும்பு உண்டு; கடல் கிடையாது. ஆனால் என் வேலை என்ன தெரியுமா? கம்பியையும் கான்கிரீட்டையும் இழுத்தும் அமுக்கியும் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பது. தாங்குவதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், உயிருள்ளவற்றில் கடல் தாவரங்களைப் போல நல்ல ஆசிரியர்கள் கிடைப்பது அபூர்வம். அலை அடிக்கும், வெயில் கொளுத்தும், உப்பு ஏறும், இறங்கும், தண்ணீர் கலங்கும். எழுந்து வேறு இடத்துக்குப் போக முடியாது. இருந்த இடத்திலேயே சமாளிக்க வேண்டும்.

இயற்பியல் மாணவர்கள் எல்லோரும் யங் குணகம் கண்டுபிடிக்கும் செய்முறையைச் செய்திருப்பீர்கள். இரண்டு கத்தி முனைகள் மேல் ஒரு மீட்டர் ஸ்கேல். அதில் எடைகளை ஐம்பது ஐம்பது கிராமாக ஏற்றி, குண்டூசி முனை எவ்வளவு நகர்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். அட்டவணையில் இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்று சுமை ஏற்றும்போது எடுத்த அளவு. மற்றொன்று சுமை இறக்கும்போது எடுத்த அளவு. முதல் பத்தியை எழுதிவிட்டு இரண்டாவதைக் கண்ணால் பார்க்காமலே நிரப்புகிற கெட்டிக்காரர்களும் எல்லா வகுப்பிலும் உண்டு! ஆனால் விஷயமே அந்த இரண்டாவது பத்தியில்தான் இருக்கிறது. இறக்கும்போது அளவு பழைய இடத்துக்குத் திரும்பினால்தான் ஸ்கேல் மீட்சி எல்லைக்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் நினைவில் வையுங்கள். ஸ்கேல் சும்மாவே திரும்பிவிடும். உயிருள்ள செடி அப்படித் திரும்பாது. திரும்புவதற்கு அது செலவு செய்ய வேண்டும். அதற்கு நேரமும் வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். கடல் தாவரங்கள் சுமையைத் தாங்குவதில் மகா கெட்டி. அவற்றுக்கு இல்லாமல் போய்க்கொண்டிருப்பது சுமை இறங்குகிற நேரம்.

முதலில் யார் யார் என்று அறிமுகம் செய்துவிடுகிறேன். கடற்பாசிக்கு வேர் இல்லை, பூ இல்லை, விதை இல்லை. பாறையையோ சங்கையோ பற்றிக்கொண்டு, உடம்பு முழுவதாலும் தண்ணீரிலிருந்து உணவு உறிஞ்சும். கடற்புல் அப்படியல்ல. நம் வயல் வரப்பில் வளரும் செடிகளைப் போலவே வேர், கிழங்கு, இலை, பூ, விதை எல்லாம் உண்டு. தரையில் வாழ்ந்த பூக்கும் தாவரங்களில் சில, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலுக்குத் திரும்பிப் போய்விட்டன. அவற்றின் வாரிசுகள்தான் கடற்புற்கள். உலகம் முழுவதும் சேர்த்து எழுபது வகை சொச்சம்தான். 2016-ஆம் ஆண்டு ஒரு கடற்புல்லின் மரபணுத் தொகுப்பை முழுமையாகப் படித்தபோது, இலைத்துளை உண்டாக்கும் மரபணுக்களையே அது கைவிட்டுவிட்டது தெரிந்தது. தண்ணீருக்குள் இலைத்துளை எதற்கு? அதற்குப் பதிலாகப் பாசிகளுக்கு இருப்பது போன்ற உப்பைச் சமாளிக்கும் செல்சுவரை உண்டாக்கிக்கொண்டது.

இனி சுமைகளுக்கு வருவோம். முதல் சுமை உலர்ச்சி. நம் மாவட்டக் கடற்கரை மணற்பாங்கானது, பாசி பிடிக்கப் பாறை குறைவு. ஆகவே மாமல்லபுரம் பக்கம் போய்ப் பாருங்கள். அலைபடும் பாறைகளில் பச்சை நிறத்தில் மெல்லிய தாள் போல ஒட்டிக்கொண்டிருக்கும் உல்வா என்ற பாசியின் கனம் இரண்டு செல்கள்தான். அலை விலகி வெயில் அடித்தால் சருகாகக் காயும். மறுபடி தண்ணீர் பட்டால் உயிர் வந்துவிடும். ஜப்பானியர் சோற்றைச் சுற்றிச் சாப்பிடும் நோரி என்ற பாசியின் இனங்கள், உடம்பிலுள்ள நீரில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் போன பின்பும் பிழைத்துக்கொள்கின்றன. நம் உடம்பில் பத்தில் இரண்டு பங்கு போனாலே கதை முடிந்தது. ஆனால் இங்கே கடல் ஒரு உபகாரம் செய்கிறது. நாள் தவறாமல் தண்ணீர் திரும்பி வருகிறது. ஏற்றமும் இறக்கமும் கடிகாரம் போல நடக்கின்றன.

இரண்டாவது சுமை உப்பு. இதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். திண்டிவனத்தில் பஸ் ஏறினால் மரக்காணம். அங்கே உப்பளப் பாத்திகளில் நீர் இறுகும்போது இளஞ்சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறத்துக்குக் காரணம் உப்பை விரும்பும் நுண்ணுயிர்களும், துனாலியெல்லா என்ற நுண்பாசியும். இது கடற்பாசிக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் கெட்டியான செல்சுவர்கூடக் கிடையாது. வெளியே உப்பு ஏற ஏற, உள்ளே கிளிசரின் தயாரித்து நிரப்பிக்கொள்கிறது. வெளியழுத்தமும் உள்ளழுத்தமும் சமமாகிவிடுவதால் நீர் வெளியேறுவதில்லை. வெயிலுக்கு மறைப்பாகக் கேரட்டில் இருக்கிற அதே பீட்டா கரோட்டினைச் சேர்த்துக்கொள்கிறது. மழை பெய்து உப்பு இறங்கினால் கிளிசரினைக் குறைத்துக்கொள்கிறது. பெரிய கடற்பாசிகளும் இதே வழியில்தான் போகின்றன. பழுப்புப் பாசிகள் மானிட்டால் என்ற சர்க்கரைப் பொருளையும், சிவப்புப் பாசிகள் வேறு வகைச் சர்க்கரைகளையும் பயன்படுத்துகின்றன.

ஆனால் இந்தச் சர்க்கரை எங்கிருந்து வருகிறது? ஒளிச்சேர்க்கையில் சம்பாதித்தது. வளர்ச்சிக்குப் போக வேண்டிய பணம் வைத்தியச் செலவுக்குப் போவது மாதிரிதான். நம் வீடுகளில் நடக்காததா? ஒரு மாதம் என்றால் சமாளிக்கலாம். வருஷம் முழுக்க வைத்தியச் செலவே என்றால், வீடு வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே காலியாகிவிடும்.

மூன்றாவது, வெளிச்சம். இது கடற்புல்லின் பெரிய கவலை. நிழலில் வளரும் தரைச்செடிகள் ஓரிரு சதவீத வெளிச்சத்தில்கூடக் காலம் தள்ளும். கடற்புல்லுக்குச் சராசரியாக, கடல் மேற்பரப்பில் விழும் ஒளியில் சுமார் 11 சதவீதமாவது வேண்டும். ஏன் இவ்வளவு? அதன் வேர் இருக்கிற இடம் அப்படி. கறுப்புச் சேறு, அழுகிய முட்டை வாடை, பிராணவாயு என்ற பேச்சே கிடையாது. அந்த வாடைக்குக் காரணமான சல்ஃபைடு வேருக்கு விஷம். பகலில் இலையில் உண்டாகும் பிராணவாயுவைத் தண்டுக்குள் இருக்கும் காற்றுக் குழாய்கள் வழியாக வேருக்கு அனுப்பி, அந்த விஷத்தைத் தள்ளி வைக்கிறது கடற்புல். நம்மூர் விவசாயிகளுக்கு இது புதிதல்ல. தேங்கிய தண்ணீரில் நெல் அழுகாமல் நிற்பதும் இதே போன்ற காற்றுக் குழாய்களால்தான். தண்ணீர் கலங்கி வெளிச்சம் குறைந்தால் முதலில் அடிபடுவது இலையல்ல, வேர். சேமிப்பாக இருக்கும் கிழங்கு மாவைச் செலவழித்துச் சில வாரங்கள் ஓட்டும். அது தீர்வதற்குள் தண்ணீர் தெளிய வேண்டும்.

நான்காவது, வெப்பம். சூடு ஏறும்போது செல்லுக்குள் உள்ள புரதங்கள் உருக்குலையப் பார்க்கும். அவற்றைப் பிடித்து நிறுத்த வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்ற காவலாளிகளைச் செடி உண்டாக்குகிறது. துரு பிடிப்பது போன்ற ஆக்ஸிகரணச் சேதத்தைத் தடுக்க எதிர்ப்பொருள்களையும் தயாரிக்கிறது. இன்னொரு ஆச்சரியம் கேளுங்கள். ஆஸ்திரேலியக் கடற்புற்கள் இரண்டு வகையில் செய்த ஓர் ஆய்வு 2020-இல் வெளியானது. ஏற்கெனவே ஒரு தடவை வெப்ப அலையைச் சந்தித்து மீண்ட செடிகள், இரண்டாவது தடவை வந்தபோது, புதிதாகச் சந்தித்த செடிகளைவிட நன்றாகச் சமாளித்தன. மூளை கிடையாது, ஆனாலும் பட்ட பாடு நினைவிருக்கிறது! உலோகத்தை வளைக்க வளைக்க இறுகும் என்று நாங்கள் படிப்போமே, அது போல என்று நினைத்தேன். ஆனால் அந்தச் சோதனையில் முதல் வெப்பத்துக்கும் இரண்டாவது வெப்பத்துக்கும் நடுவே செடிகளுக்கு ஆற நேரம் கிடைத்தது. பழக்கப்பட்டது சுமையால் மட்டுமல்ல. சுமைக்குப் பிறகு கிடைத்த ஓய்வாலும்தான்.

அந்த ஓய்வு கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் ஆஸ்திரேலியாவே சாட்சி. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஷார்க் பே என்ற விரிகுடா உலகின் மிகப் பெரிய கடற்புல் பரப்புகளில் ஒன்று. 2010-11 கோடையில் கடல் வெப்பம் வழக்கத்தைவிட 2 முதல் 4 டிகிரி கூடி, இரண்டு மாதங்களுக்கு மேல் இறங்கவே இல்லை. அதே சமயத்தில் ஆற்றில் வெள்ளம் வந்து தண்ணீரும் கலங்கியது. சூட்டில் செலவு கூடியது. கலங்கலில் வரவு குறைந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட கடற்புல் பரப்பு சேதமானது. இவற்றில் ஒன்று மட்டும் வந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய இடங்கள், இரண்டும் சேர்ந்து வந்தபோது விழுந்தன. கட்டடம் கட்டுகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். காற்றுச் சுமையும் நிலநடுக்கச் சுமையும் தனித்தனியே எவ்வளவு என்று பார்த்தால் போதாது. எது எதோடு சேர்ந்து வரும் என்று பார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலியா எதற்கு, நம் ராமநாதபுரத்துக்கே வருவோம். மண்டபம், பாம்பன் பக்கம் 'பெப்சி பாசி' என்று ஒன்றைச் சொல்வார்கள். அதன் அறிவியல் பெயர் கப்பாபைகஸ். இது நம் கடலில் பிறந்ததல்ல. பிலிப்பைன்ஸ் பகுதியைச் சேர்ந்த இதை, 1990-களில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கே கொண்டுவந்து வளர்த்துப் பார்த்தது. பிறகு பெப்சி நிறுவனம் வணிக வளர்ப்பில் இறங்கியதால் ஜனங்கள் இப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள். ஐஸ்கிரீமிலிருந்து பற்பசை வரை கெட்டித்தன்மை கொடுக்கும் காரஜீனன் என்ற பொருள் இதிலிருந்து கிடைக்கிறது. 3 மீட்டருக்கு 3 மீட்டர் மூங்கில் மிதவை. அதில் கயிறு கட்டி, சுமார் 60 கிலோ பாசித் துண்டுகளை விதையாகக் கட்டிவிட்டால், 45 நாளில் நாலு மடங்குக்கு மேல் வளரும். நூற்றுக்கணக்கான மீனவப் பெண்கள் சுயஉதவிக் குழுக்களாகச் சேர்ந்து இதில் இறங்கினார்கள். 2012-13 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 1,500 டன் உலர்பாசி என்ற அளவுக்கு வளர்ந்தது.

அதற்குப் பிறகு 2013-14-இல் அடி விழுந்தது. கடல் நீர் சூடேறிய காலத்தில் பாசி கூட்டம் கூட்டமாக வெளுத்து, உதிர்ந்து அழிந்தது. உற்பத்தி மளமளவென்று சரிந்தது. சூடோ, உப்புக் குறைவோ, ஒளிக் குறைவோ தொடர்ந்து படும்போது இந்தப் பாசியின் கிளைகள் பனிக்கட்டி போல வெளுத்து ஒடியும். பலவீனமான இடத்தில் பாக்டீரியா புகுந்து வேலையை முடித்துவிடும். 'ஐஸ்-ஐஸ்' என்று இந்த நோய்க்குப் பெயர்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பாசிக்குத் தனியாக விதை கிடையாது. அறுத்ததில் ஒரு பங்கைத்தான் மறுபடி கட்ட வேண்டும். பயிர் செத்தால் விதையும் செத்தது. அதோடு, வெட்டி வெட்டிக் கட்டியதால் அத்தனை மிதவையிலும் இருந்தது ஏறக்குறைய ஒரே செடியின் துண்டுகள். ஒன்றுக்கு ஆகாத சூடு எல்லாவற்றுக்கும் ஆகாது. நம்மூரில் ஒரே ரக நெல்லை ஊர் முழுக்கப் போட்டால் பூச்சி வந்த வருஷம் என்ன ஆகும் என்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள். இப்போது திசு வளர்ப்பு மூலம் புதிய நாற்றுகளை உருவாக்கித் தரும் முயற்சிகள் நடக்கின்றன. 2023 செப்டம்பரில் ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு 127 கோடி ரூபாய்க்கு மேல். இந்தப் பாசி குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறைகள் மேல் படர்ந்ததையும் 2008-இல் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே வெளியூர்ப் பாசியோடு நம் கடலின் சொந்தப் பாசிகளையும் வளர்த்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

சொந்தப் பாசிகள் என்றதும் ஒரு பெண்மணியைச் சொல்லாமல் இருக்க முடியாது. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி அம்மா. மன்னார் வளைகுடாவில் முங்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை போன்ற பாசிகளை எடுத்துப் பிழைக்கும் பெண்களின் தலைவி. 2015-ஆம் ஆண்டு அவருக்கு சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. அந்தப் பெண்கள் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது. மீதி நாட்கள் பாசிக்கு ஓய்வு. நாம் ஆய்வுக்கூடத்தில் அட்டவணை போட்டுப் படித்த அந்த இரண்டாவது பத்தியை, அந்த அம்மாக்கள் கடலில் முங்கித் தெரிந்துகொண்டு நடைமுறைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். வயிற்றுப்பாட்டுக்காக முங்குகிறவர்கள் பதினெட்டு நாள் வருமானத்தை விட்டுக் கொடுத்தார்கள் என்றால், அது சாதாரண விஷயமா?

என் துறை சார்ந்த ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் மீஞ்சூரில் 2010-இலும், நெம்மேலியில் 2013-இலும் வந்தன. குடிநீர் அவசியம், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் குடிநீரைப் பிரித்த பின் மிஞ்சும் நீரில் உப்பு ஏறக்குறைய இரட்டிப்பாக இருக்கும். அது கடலுக்குத்தான் திரும்பிப் போகும். ஸ்பெயின் நாட்டில் இப்படிப்பட்ட நிலையங்களுக்கு அருகே பொசிடோனியா என்ற கடற்புல் பரப்பு இருந்தது. அங்குள்ள ஆய்வாளர்கள் எப்படி வரம்பு பரிந்துரைத்தார்கள் தெரியுமா? ஆயிரம் பங்கில் 38.5 என்ற உப்பளவை, எடுக்கும் அளவுகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் தாண்டக்கூடாது. 40 என்ற அளவை நூற்றுக்கு ஐந்து தடவைக்கு மேல் தாண்டக்கூடாது. கவனியுங்கள். எவ்வளவு என்று மட்டும் சொல்லவில்லை. எத்தனை தடவை என்றும் சொன்னார்கள். சுமையின் அளவுக்கும் வரம்பு, சுமை தங்கும் நேரத்துக்கும் வரம்பு. நாளை உங்களில் ஒருவர் துறைமுகம் தூர்வாரும் வேலைக்கோ, இறால் பண்ணைக் கழிவு வாய்க்காலுக்கோ கையெழுத்துப் போடும் இடத்தில் உட்காருவீர்கள். அன்றைக்கு "அளவு வரம்புக்குள் இருக்கிறதா?" என்று கேட்பதோடு, "எத்தனை நாள் தொடரும்? நடுவில் எத்தனை நாள் விடுவீர்கள்?" என்றும் கேளுங்கள்.

கைமீறிப் போன இடங்களிலும் நம்பிக்கை உண்டு. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் அழிந்த கடற்புல்லை, சட்டங்களில் கட்டி மறுபடி நட்டுப் பார்க்கிறார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை, கடற்புல் மேய்ந்து வாழும் கடற்பசுவுக்கான பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. ஆனால் நட்டால் மட்டும் போதாது. தண்ணீர் கலங்கலாகவே இருந்தால் நட்டதும் போய்விடும். சுமையை இறக்கிவிட்டு நட வேண்டும்.

நேரம் கருதி ஒரு கோரிக்கையோடு முடிக்கிறேன். மரக்காணத்துக்குப் பக்கத்தில் கழுவேலி ஏரி இருக்கிறது. மழைக்காலத்தில் நன்னீர், கோடையில் உவர்நீர், ஒரு பக்கம் கடலோடு தொடர்பு. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். நம் கல்லூரியின் இயற்பியல், தாவரவியல், வேதியியல் துறை மாணவர்கள் சேர்ந்து மாதம் ஒரு தடவை அங்கே போய், குறித்த சில இடங்களில் உப்பளவு, வெப்பம், தெளிவு மூன்றையும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். என்ன பாசி இருந்தது, எந்த நிறத்தில் இருந்தது என்பதையும் எழுத வேண்டும். ஒரு வருஷம் எழுதினால் கல்லூரிச் சுவரில் மாட்டலாம். பத்து வருஷம் எழுதினால் அரசாங்கமே வந்து கேட்கும். உப்பளவு மானி ஒன்றும் வெப்பமானி இரண்டும் என் பங்காக இன்றே முதல்வர் அவர்களிடம் தருகிறேன். பஸ் செலவை முன்னாள் மாணவர் சங்கம் ஏற்றுக்கொள்ளும் என்று செயலாளர் அண்ணனைக் கேட்காமலே அறிவித்துவிடுகிறேன். மேடையில் சொன்னால் மறுக்க முடியாது இல்லையா!

தம்பிகளே, தங்கைகளே, தண்ணீர் ஏறும் மாதத்தில் மட்டுமல்ல, வற்றும் மாதத்திலும் தவறாமல் போய் எழுதுங்கள். அளவைக் கண்ணால் பார்த்து எழுதுங்கள்.